தென்னையில் காது வைக்கச் சொன்ன காடு

நல்ல நோட்டு எது, கள்ள நோட்டு எது என்று விரலே சொல்லிவிடும். முப்பத்து நான்கு வருட வங்கி வேலையில் முதல் ஒன்பது வருடம் நான் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன். கட்டை எண்ணிக்கொண்டே போகும்போது ஒரு தாள் மட்டும் வழுவழுவென்று ஓடும். இல்லாவிட்டால் சத்தம் மாறும். கண் அதற்கப்புறம்தான் அந்தத் தாளைத் தேடிப் போகும். இதை யாரும் எனக்குப் பாடமாக நடத்தவில்லை. எண்ணி எண்ணி வந்தது.

அப்படிப்பட்ட விரலை வைத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற பிறகு மம்சாபுரம் பக்கம் மலையடிவாரத்தில் வாங்கிய நாலு ஏக்கர் மண்ணை மூன்று வருடம் தொட்டேன். ஒன்றும் தெரியவில்லை. மூக்கு இருந்தும் வாடை பிடிபடவில்லை. காது இருந்தும் சத்தம் கேட்கவில்லை. அதற்கு நான் கொடுத்த விலை ஒன்பது தென்னை. பன்னிரண்டு வயசு மரங்கள். நல்ல காய்ப்பில் இருந்தவை.

இந்தக் கட்டுரை அந்த ஒன்பது மரத்தைப் பற்றியும், அதற்குப் பிறகு ராஜபாளையம் மலையில் ஒரு நாள் காலையில் வாயைத் திறக்காமல் நடந்த நடையைப் பற்றியும்தான்.

பதிவேடு சரி, மரம் சரியில்லை

இயற்கை விவசாயத்தையும் நான் வங்கி மாதிரியேதான் நடத்தினேன். பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஜீவாமிர்தம். மாதம் ஒரு முறை பஞ்சகவ்யம். எத்தனை லிட்டர், எந்தத் தேதி, யார் ஊற்றினார்கள், கூலி எவ்வளவு எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும். தணிக்கைக்கு யார் வந்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது.

மூடாக்கு போடச் சொல்லி எல்லாக் கூட்டத்திலும் சொன்னார்கள். நானும் போட்டேன். கீழே விழுந்த மட்டை போதவில்லை என்று, பச்சை மட்டையையும் வெட்டச் சொன்னேன். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று மரத்தோடு ஒட்ட வெட்டச் சொன்னதும் நான்தான். தோப்பின் ஓரத்திலேயே ஒரு பெரிய எருக்குழி. அதைக் கிளறிப் பார்த்ததே இல்லை. குழியில் எரு சேர்கிறது என்கிற சந்தோஷம் மட்டும் இருந்தது.

அந்த வருடம் பங்குனியில் தோப்புக்குள் போனால் ஒரு மாதிரி புளித்த வாடை. கள் வாடை. யாரோ ராத்திரி வந்து குடிக்கிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்து மாந்தோப்பில் காவல் இருக்கும் பெரியவரிடம் கொஞ்சம் கோபமாகவே, “ராத்திரி ஆள் வந்தா சத்தம் கொடுக்க மாட்டீங்களா?” என்று கேட்டும்விட்டேன். அவர் பளியர் குடியிருப்பைச் சேர்ந்தவர். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். ஒன்றும் சொல்லவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வைகாசியில் ஒரு மரத்தின் நடுக்குருத்து வாடித் தொங்கியது. மரம் ஏறுகிறவர் மேலே போய்ப் பிடித்து இழுத்தார். குருத்து கையோடு வந்துவிட்டது. அடியில் குழகுழவென்று அழுகல். அதற்குள் கட்டைவிரல் தண்டி வெள்ளைப் புழுக்கள். சிவப்புக் கூன்வண்டு.

இந்த வண்டைப் பற்றித் தெரியாத தென்னை விவசாயி இருக்க மாட்டார். ஆனாலும் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். இது தானாக மரத்தைத் துளைத்து உள்ளே போவது குறைவு. மரத்தில் காயம் இருந்தால் அந்தக் காயத்தில் முட்டையிடும். காண்டாமிருக வண்டு குடைந்த ஓட்டை இருந்தால் அதிலும் இடும். புழு உள்ளேயே தின்று, உள்ளேயே வளரும். வெளியே குருத்து வாடுவது நம் கண்ணில் படும்போது உள்ளே கதை முடிந்திருக்கும். ஐந்து வயதிலிருந்து இருபது வயது வரைக்கும் உள்ள மரங்களைத்தான் அதிகம் தாக்கும்.

ஆக, ஒட்ட வெட்டிய மட்டைக் காயங்கள் நான் கொடுத்தது. கிளறாத எருக்குழியில் காண்டாமிருக வண்டின் புழுக்கள் கூட்டம் கூட்டமாக வளர்ந்ததும் என் புண்ணியம். ஆடி முடிவதற்குள் ஒன்பது மரம் போனது. இரண்டு ஏக்கரில் இருந்த 140 மரம் 131 ஆனது.

ஒன்பதாவது மரத்தை வெட்டிச் சாய்த்த அன்று மாந்தோப்புப் பெரியவர் வேலி ஓரமாக வந்து நின்றார்.

“ஏன் சார், பங்குனியிலயே வாடை அடிச்சுச்சே. உங்களுக்குத் தெரியலையா?”

“அது கள்ளு வாடைன்னு நெனச்சேன் அண்ணே.”

“கள்ளு வாடைதான் சார். மரத்துக்குள்ள இருந்து வந்துச்சு. நீங்க வெளிய ஆளைத் தேடுனீங்க.”

அதற்கு மேல் அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. “தை மாசம் ஒருநாள் மலைக்கு வாங்க சார். ஆனா பேசாம வரணும்” என்றார்.

பேசாத நடை

ராஜபாளையத்துக்கு மேற்கே ஆறாவது மைலில் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. ஊருக்குக் குடிதண்ணீர் அங்கிருந்து வருகிறது. பெயரே ‘ஆறாவது மைல்’தான். அதைத் தாண்டி மலையடியில் நீர்காத்த அய்யனார் கோவில். அய்யனாருக்கு எத்தனையோ பட்டப்பெயர் உண்டு. இங்கே உள்ளவருக்கு நீரைக் காத்தவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மலையில் பெய்கிற மழை ஓடையாக இறங்கி, கண்மாய்க்குக் கண்மாய் நிரம்பி, மிச்சம் வைப்பாற்றுக்குப் போகிறது. நம் கிணற்றில் ஊறுவதும் அந்தத் தண்ணீர்தான்.

இந்த மலை 1988-ல் சாம்பல் நிற மலை அணிலுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. தமிழ்நாட்டில் இது ஐந்தாவது. ஆகவே நினைத்த நேரம் நினைத்த பாதையில் போக முடியாது, போகவும் கூடாது. எங்கள் மாதாந்திரக் கூட்டத்து நண்பர்கள் ஐந்து பேர், வனத்துறையிடம் முறையாகக் கேட்டு, அவர்கள் விடுகிற பாதையில், விடுகிற நேரத்தில்தான் போனோம். பெரியவர் முன்னால் நடந்தார்.

கிளம்பும்போதே எனக்கு ஒரு கொட்டு விழுந்தது. கிட்டே வந்து மோந்து பார்த்தார். “பவுடர் போட்டிருக்கீங்க. தைலமும் தேச்சிருக்கீங்க. நீங்க வர்றது உங்களுக்கு முன்னாடியே காட்டுக்குத் தெரிஞ்சு போச்சு சார்” என்று சிரித்தார். ஓடைத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு நடந்தேன். போனை அணைத்துப் பைக்குள் போட்டாயிற்று.

முதல் கால் மணி நேரம் பெரிய கஷ்டம். பேசாமல் இருப்பது இல்லை கஷ்டம். மனசு பேசிக்கொண்டே இருந்தது. தேங்காய் விலை, கரண்ட் பில், பேரனுக்கு ஸ்கூல் பீஸ். காடு எனக்கு வெறும் பச்சையாகத்தான் தெரிந்தது. ஏறக்குறைய அரை மணி நேரம் கழிந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் திறந்தது.

முதலில் மூக்கு

ஓடை ஓரத்தில் நீர்மருதும் நாவலும் மாவும் அடர்ந்து நின்ற ஓரிடத்தில் பெரியவர் குத்தவைத்து உட்கார்ந்தார். காலடியில் கிடந்த இலைகளை விரலால் லேசாக விலக்கினார். மேலே காய்ந்த இலை. அதற்கடியில் நனைந்து கறுத்த இலை. அதற்கும் அடியில் நரம்பு மட்டும் மிச்சமிருக்கிற இலை. பிறகு மண். குனிந்து மோந்து பார்க்கச் சொன்னார்.

மழை விழுந்ததும் வருமே, அந்த வாசம். ஆனால் பொங்கலுக்குப் பிறகு ஒரு பொட்டு மழை இல்லை. மழை இல்லாமலே அந்த வாசம் மண்ணில் இருந்தது.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆக்டினோமைசீட்ஸ் என்கிற வகை நுண்ணுயிர்கள் மண்ணில் வாழும்போது ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. அதன் வாசம்தான் இது. மனித மூக்கு மற்ற எத்தனையோ வாசனைகளைவிட இதை மிக மிகக் குறைந்த அளவிலேயே பிடித்துவிடும். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே போதும். காய்ந்த மண்ணில் மழை விழும்போது எழும் வாசத்துக்குப் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தவர்கள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், 1964-ல். மண்ணில் துள்ளித் திரியும் ஸ்பிரிங்டெயில் என்ற சிறு பூச்சிகள் இந்த வாசத்தைத் தேடி வந்து, அந்த நுண்ணுயிரைத் தின்று, அதன் வித்துகளை வேறு இடத்துக்குச் சுமந்து போகின்றன என்று 2020-ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. மண் வாசம் என்பது மண்ணுக்குள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற குரல் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாம் காசு கொடுத்து மண் பரிசோதனை செய்கிறோம். செய்யத்தான் வேண்டும், உப்பு எவ்வளவு, கார அமில நிலை என்ன என்று மூக்கு சொல்லாது. ஆனால் மண்ணில் உயிர் இருக்கிறதா, காற்று போகிறதா என்பதை மூக்கு அந்த நிமிடமே சொல்லும். காட்டு வாசம் அடித்தால் உயிர் இருக்கிறது. ஒரு வாசமும் இல்லையென்றால் பட்டினி கிடக்கிறது. புளிப்பு வாடையோ, அழுகிய முட்டை வாடையோ வந்தால் தண்ணீர் தேங்கிக் காற்றில்லாமல் மூச்சு முட்டுகிறது.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் பெரியவர் சட்டென்று நின்றார். கையை மட்டும் பின்னால் நீட்டி எங்களை நிறுத்தினார். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. காற்று மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. அவர் மூக்கை மட்டும் கொஞ்சம் தூக்கி நின்றார். பிறகு திரும்பச் சொல்லிச் சைகை. முந்நூறு அடி பின்னால் வந்து ஒரு பாறைப் பக்கம் நின்ற பிறகுதான் மெதுவாகச் சொன்னார்: “ஆனை. பச்சை லத்தி வாசம். கிட்டத்துலதான் நிக்குது.”

ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட அந்த வாசம் தெரியவில்லை. யானையையும் நாங்கள் பார்க்கவில்லை. பார்க்காமல் வந்ததுதான் அன்றைக்கு நடந்த நல்ல காரியம். அவருக்கு மூக்கு என்பது ரசனை இல்லை, பாதுகாப்பு. அதை நினைத்தபோதுதான் என் தோப்பில் பங்குனி மாதம் முழுக்க அடித்த கள் வாடை ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது.

பிறகு காது

பாறைப் பக்கம் நின்ற அந்த அரை மணி நேரத்தில்தான் காது திறந்தது. பெரியவர் கண்ணை மூடச் சொன்னார். எத்தனை சத்தம் கேட்கிறது என்று விரல் விட்டு எண்ணச் சொன்னார்.

ஓடை ஒன்று. சிள்வண்டு இரண்டு. குக்குறுவான் ‘குட்ரூ குட்ரூ’ என்று விடாமல் கூப்பிட்டது மூன்று. எங்கோ செம்பூத்து ‘உப் உப்’ என்றது நாலு. காற்று மேல் கிளையில் ஒரு மாதிரியும் கீழே புதரில் இன்னொரு மாதிரியும் சத்தம் போட்டது. அதை இரண்டாக எண்ணினேன். ஓடை என்று நான் ஒன்றாக எண்ணியதுகூட ஒரு சத்தம் இல்லை. பாறையில் விழுவது வேறு, வேரைச் சுற்றிப் போவது வேறு. பதினொன்று வரைக்கும் எண்ணினேன்.

சட்டென்று இரண்டு மூன்று சத்தம் ஒன்றாக நின்றது. மரத்து மேலே கேறுகிற மாதிரி ஒரு கரகரப்பு. “அணிலு” என்றார். “ராசாளி கீராளி வந்திருக்கும். ஒண்ணு கத்துனா மத்ததெல்லாம் வாயை மூடிக்கிரும். காட்டுல சத்தம் கேக்குறதைவிட, சத்தம் நிக்கிறதைத்தான் கவனிக்கணும் சார்.”

கண்ணைத் திறந்து மேலே பார்த்தோம். சாம்பல் நிற மலை அணில். வீட்டு அணிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அணிலே இல்லை. பூனை அளவு உடம்பு, அதே நீளத்துக்கு நரைத்த புசுபுசு வால். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இது உண்டு. பெரும்பாலும் தரைக்கு இறங்காது. கிளைக்குக் கிளை தாவியேதான் போகும். அதனால் மரங்களின் தலை ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஓடைக்கரையில் நடுவே நாலு மரத்தை வெட்டினால் அதற்கு அது பாலம் இடிந்த மாதிரி. செண்பகத்தோப்பு பக்கம் தனியார் மாந்தோப்பு, தென்னந்தோப்புகளுக்குள்ளும் வந்து போகிறது. மாங்காயைக் கடித்துப் போடுகிறது என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. பன்றியாலும் யானையாலும் ஒரே ராத்திரியில் வருடத்து வரும்படியை இழந்தவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அந்த வலியைச் சின்னதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஓடைக்கரை மரங்கள் போனால் அணில் மட்டும் போகாது. நம் கிணறும் சேர்ந்து போகும்.

இறங்கும்போது ஒரு பட்டுப்போன மரத்தில் பெரியவர் காதை ஒட்டி வைத்தார். என்னையும் கூப்பிட்டார். உள்ளே ‘கறக்… கறக்’ என்று மெல்லியதாக ஏதோ அரைத்துக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு வண்டுப் புழு. “இதே சத்தம்தான் சார் உங்க தென்னையிலயும் கேட்டிருக்கும். மோட்டாரை நிப்பாட்டிட்டு ஒரு நா கேட்டிருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும்.”

கால், கை, நாக்கு

கோவில் எல்லையில் செருப்பைக் கழற்றியவன், திரும்பப் போட மனசில்லாமல் கொஞ்ச தூரம் மண்பாதையில் நடந்தேன். வெயில் படும் இடம் சுட்டது. மர நிழல் இளஞ்சூடு. இலை மூடிய இடம் குளிர்ச்சி; அழுத்தினால் மெத்தை மாதிரி கொடுத்தது. நாலடி தூரத்துக்குள் மூன்று விதம். மூடாக்கு போட்டால் மண் குளிரும் என்று நூறு தடவை கேட்டிருக்கிறேன், நானே மேடையில் பேசியும் இருக்கிறேன். கால் சொன்ன பிறகுதான் நம்பினேன்.

ஆல்பர்ட் ஹோவர்ட் 1905-ல் இந்தியாவுக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்க வந்த ஆங்கிலேயர். வந்த இடத்தில் நம் உழவர்களிடமும் காட்டிடமும் கற்றுக்கொண்டார். 1940-ல் வந்த அவருடைய புத்தகத்தில் காட்டைத்தான் முன்மாதிரி உழவராகக் காட்டினார். நம்மாழ்வார் ஐயா வேலை பார்த்துவிட்டு உதறி வந்த கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரம்தான். அவர் ஊர் ஊராக நடந்தது பேசுவதற்கு மட்டும் இல்லை, பார்ப்பதற்கும் கேட்பதற்கும்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஜப்பானில் 1982-லிருந்து ‘ஷின்ரின் யோக்கு’ என்று, அதாவது காட்டுக் குளியல் என்று, அரசாங்கமே மக்களைக் காட்டுக்குள் மெதுவாக நடக்கச் சொல்கிறது. அவர்களுக்கு அது உடம்புக்கு மருந்து. நமக்கு அதோடு தொழில் பாடமும் சேர்ந்து கிடைக்கிறது.

நாக்கைப் பற்றி ஒரே ஒரு விஷயம். காட்டில் எதையும் பறித்து வாயில் வைக்காதீர்கள். பறிப்பது சட்டப்படி தப்பு. எது விஷம் என்பதும் நமக்குத் தெரியாது. பெரியவர் தன் மடியில் இருந்து, வீட்டு மரத்து நெல்லிக்காய் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். மென்று முடித்துக் கொண்டுபோன தண்ணீரைக் குடித்தால் தித்தித்தது. சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூட வாசலில் குடித்த அதே தித்திப்பு. நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, நான்தான் அதைக் கேட்பதை விட்டிருந்தேன்.

131 மரம், நாலு காலை

மறுநாளே ஆரம்பித்தேன். விடிந்தும் விடியாத நேரம், காற்று இல்லை, மோட்டார் போடவில்லை. மரம் மரமாகக் காதை ஒட்டி நின்றேன். பார்த்த பக்கத்து வயல்காரர், “அண்ணாச்சி தென்னைகிட்ட என்ன ரகசியம் கேக்குறாரு?” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கீழே நின்று கேட்டால் மட்டும் போதாது என்று, மரம் ஏறுகிறவரையும் கொண்டைக்கு அடியில் காது வைக்கச் சொன்னேன். 131 மரத்துக்கு நாலு காலை ஆனது.

மூன்று மரத்தில் சத்தம் இருந்தது. அதில் ஒன்றில் மட்டும்தான் பழுப்புச் சாறு வெளியே கசிந்திருந்தது. மற்ற இரண்டும் கண்ணுக்கு முழு ஆரோக்கியம். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, வளைத்த கம்பியால் புழுக்களை எடுத்து, அழுகலைச் சுரண்டி, வேப்பெண்ணெய் ஊற்றி, களிமண்ணும் சாணமும் குழைத்து அடைத்தோம். இரண்டு மரம் பிழைத்தது. சாறு கசிந்த மரம் போய்விட்டது. 130.

மற்றபடி செய்தவை:

காய்ந்து தானாகக் கழலும் மட்டையைத்தான் எடுக்கிறோம். பச்சை மட்டையை வெட்டியே ஆகவேண்டும் என்றால் அடியில் நாலு அடி விட்டு வெட்டுகிறோம். வெட்டுக்காயத்தில் வண்டு முட்டையிட்டாலும் புழு தண்டுக்குள் போகாது.

செத்த ஒன்பது மரத்தையும் மூடாக்குக்கு ஆகும் என்று தோப்பிலேயே போட்டிருந்தேன். அதுவும் தப்பு, உள்ளே இருந்த வண்டுகள் வெளியே வந்து அடுத்த மரத்துக்குப் போகும். பிளந்து எரித்தோம்.

எருக்குழியைத் தோப்பிலிருந்து தள்ளி மாற்றி, மாதம் இரண்டு முறை கிளறுகிறோம். வெளியே விழும் புழுக்களைக் கோழிகள் பார்த்துக்கொள்கின்றன. குழியில் மெட்டாரைசியம் பூஞ்சையும் கலக்கிறோம்.

ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுக்கு இரண்டு பங்கு மணல் கலந்து, மரத்துக்கு 150 கிராம், நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில் வைக்கிறோம். இது காண்டாமிருக வண்டுக்கு.

இது எல்லாமே எந்த விவசாயக் கையேட்டிலும் இருப்பதுதான். எனக்கும் படித்த ஞாபகம் இருந்தது. படித்தது கையில் இருந்தும் ஒன்பது மரம் ஏன் போனது என்றால், எப்போது செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டிய மூக்கையும் காதையும் வீட்டில் வைத்துவிட்டு, தேதியை மட்டும் தோப்புக்கு எடுத்துப் போனேன்.

இன்னொன்றும் தெரிந்தது. காட்டு மண்ணை மோந்த பிறகு என் தோப்பு மண்ணை மோந்து பார்த்தேன். வாய்க்கால் தலைப்பில் உள்ள இருபது மரத்தடியில் புளிப்பு வாடை. தண்ணீர் அதிகம். கடைக்கோடியில் வாசமே இல்லை. பாய்ச்சல் முறையை மாற்றி, தலைப்பில் நாள் கூட்டி விட்டேன். இரண்டு மழை கழித்துத் தலைப்பில் புளிப்பு போனது. கடைக்கோடியில் மூடாக்கோடு சணப்பையும் விதைத்து மடக்கியிருக்கிறேன். அங்கே இன்னும் காட்டு வாசம் வரவில்லை. வரும் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வரப்பில் ஒரு நடை

எல்லோரும் எங்கள் மலைக்கு வரவேண்டும் என்பதில்லை. உங்கள் ஊரில் ஒரு ஓடைக்கரை, கோவில்காடு, பழைய ஆலமரத்தடி இருந்தால் அங்கே ஒரு முறை. பிறகு உங்கள் வயலில் வாரம் ஒரு முறை. நான் செய்வதைச் சொல்கிறேன்.

1. விடியலில், மோட்டார் போடும் முன், தனியாக. போன் வீட்டில். பவுடர், தைலம் வேண்டாம். முதல் கால் மணி நேரம் மனசு பேசும், பேசட்டும்.

2. ஓரிடத்தில் கண்ணை மூடி நின்று சத்தங்களை எண்ணுங்கள். எண்ணிக்கையை மாதாமாதம் எழுதி வையுங்கள். என் தோப்பில் முதல் நாள் நாலு. இப்போது ஏழு, எட்டு. மருந்து அடிக்கும் வயலில் நின்று எண்ணினால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

3. மூன்று இடத்தில் மண்ணை நாலு விரல் ஆழம் தோண்டி மோந்து பாருங்கள். வாசம், வாசமின்மை, புளிப்பு என மூன்றே விடை. பிறகு கைப்பிடி மண்ணை இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிடிக்கும்போதே தண்ணீர் கசிந்தால் பாய்ச்சலை நிறுத்துங்கள்.

4. மத்தியானம் ஒரு முறை வெறுங்காலில் வரப்பிலும் மூடாக்கிலும் நடந்து பாருங்கள். கால் சுடும் இடத்தில் வேரும் சுடும்.

5. தென்னை இருந்தால் மாதம் ஒரு முறை காது வையுங்கள். கள் வாடை வந்தால் ஆளைத் தேடாதீர்கள், மரத்தைத் தேடுங்கள்.

மலைக்குப் போகிறவர்கள் அனுமதி இல்லாமல், வழி தெரிந்தவர் இல்லாமல் போகவே கூடாது. மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வந்துவிடும். 2015 மே மாதம் சதுரகிரியில் அப்படி வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கோடையில் தீப்பெட்டி, பீடி எதுவும் வேண்டாம். கொண்டுபோகும் பிளாஸ்டிக் கையோடு திரும்பி வரவேண்டும்.

போன மாதம் பெரியவர் தோப்புக்கு வந்தார். பிழைத்த இரண்டு மரத்தில் ஒன்றில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். நானும் மறுபக்கம் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. “நல்லாருக்கு” என்றார். எருக்குழிப் பக்கம் போய் மூக்கைத் தூக்கினார். “இதை மட்டும் இன்னொரு தரம் கிளறி விடுங்க சார், அடியில வேகுது” என்று சொல்லிவிட்டு மாந்தோப்புக்குப் போனார். நான் மோந்து பார்த்தேன். எனக்கு இன்னும் அது தெரியவில்லை. மண்வெட்டியை எடுத்துக் கிளறினேன். அடியில் கை வைக்க முடியாத சூடு.

வருகிற தையில் மறுபடியும் நடக்கப் போகிறோம். வர விரும்பும் உழவர்கள் மாதக் கூட்டத்தில் சொல்லுங்கள். பவுடர் மட்டும் போட்டு வராதீர்கள்.